ஜார்ஜ் டவுனில் முதல் பாரம்பரிய நடை: நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மயிலாப்பூரில் பாரம்பரிய நடை, அதாவது ஒரு குழுவைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய் வரலாறு சொல்வது, ஓரளவு சுலபம். நடுவில் குளம், சுற்றி மாடவீதி, திரும்பிய பக்கமெல்லாம் காபி. சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுன் அப்படி இல்லை. சென்னை வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இங்கே முதல் நடையில் தடுமாறிப் போவார்கள். காரணம் பூட்டியிருக்கும் தேவாலயக் கதவு, பதினைந்து ஜோடி செருப்பு, கழிவறை, வெயில், நடுத்தெருவில் நிற்கும் மீன்பாடி வண்டி.

கீழே உள்ளவை 12 முதல் 15 பேர் கொண்ட குழுவுக்கான கணக்கு. ஆகும் நேரம் மூன்று மணி நேரம், தூரம் மூன்று கிலோமீட்டருக்குள். இருபது பேருக்கு மேல் முதல் முறை எடுக்காதீர்கள். அந்தத் தெருக்களின் அகலத்துக்கு அது கூட்டமாகிவிடும், கடைசியில் நிற்பவருக்கு உங்கள் குரலும் எட்டாது.

1. முதலில் கிழமை, பிறகு தேதி

வேலை நாளில் இந்தப் பகுதி மொத்த வியாபாரத்துக்குச் சொந்தம். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. பத்து மணிக்கு மேல் மூட்டை தூக்குபவர் தலையில் சுமையோடு "வழி, வழி" என்று வரும்போது நீங்கள் நடுத்தெருவில் நின்று கட்டடக்கலை பேசினால், திட்டு வாங்குவது நியாயம்தான்.

ஞாயிறு காலைதான் புதியவர்களுக்குச் சரி. ஷட்டர்கள் இறங்கியிருக்கும், தார்ப்பாய்கள் மடங்கியிருக்கும். அதனால் கடைப் பலகைகளுக்கு மேலே இருக்கும் முதல் மாடி கண்ணுக்குத் தெரியும்: மரத்தூண், வார்ப்பிரும்புக் கம்பி, சுதை வேலை. வியாபாரத்தைக் காட்ட முடியாதே என்றால், அதற்கு ஈடாகப் பூ வியாபாரம் நடக்கும் பூக்கடைப் பகுதி இருக்கிறது. அது ஞாயிறும் இயங்கும்.

தவிர்க்க வேண்டியவை:

- செவ்வாய்: அரண்மனைக்காரத் தெருவில் உள்ள அந்தோணியார் கோவிலுக்கு (புனித மரியன்னை இணைப் பேராலயம்) கூட்டம் திரளும் நாள்.
- வெள்ளி: காளிகாம்பாள் கோவிலில் நெரிசல். ஆடி வெள்ளி என்றால் தம்பு செட்டித் தெருவை மறந்துவிடுங்கள்.
- கிருத்திகை: கந்தகோட்டத்தில் நிற்க இடம் இருக்காது.
- தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம்: என்.எஸ்.சி. போஸ் சாலையில் குழுவைச் சேர்த்துப் பிடிக்கவே முடியாது.
- புரட்டாசியில் திருப்பதிக் குடை புறப்படும் நாள்: ஊர்வலம் சென்னகேசவப் பெருமாள் கோவிலிலிருந்துதான் கிளம்புகிறது. குடைகள் யானைக்கவுனியைத் தாண்டுவது மாலையில் என்றாலும் காலையிலேயே தடுப்புகள் வந்துவிடும்.

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மழைக்கு மாற்றுத் தேதி சொல்லாமல் பணம் வாங்காதீர்கள். ஆகஸ்ட் 22 சென்னை தினத்தை ஒட்டிய வாரத்தில் நகரம் முழுக்க நடைகள் நடக்கும். புதியவருக்கு ஆள் சேர்ப்பது அப்போது கஷ்டம், போட்டி அதிகம்.

2. பாதை: மேற்கில் தொடங்கிக் கிழக்கே முடியுங்கள்

பெரும்பாலோர் செய்யும் பிழை கிழக்குக் கோடியில் உள்ள பாரிமுனையில் தொடங்குவது. உயர் நீதிமன்ற மெட்ரோ பக்கத்தில் இருக்கிறது, பெயரும் எல்லோருக்கும் தெரியும், ஆகவே தொடங்கிவிடுகிறார்கள். ஏழரை மணிக்கு ஆர்மீனியத் தேவாலயத்தின் வாசலுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கும். ஒன்பதுக்கு முன் அது திறக்காது. பூக்கடைக்குப் போய்ச் சேரும்போது பத்தாகிவிடும். பூவெல்லாம் போய் வாழைநாரும் சாக்கும் மிஞ்சியிருக்கும். அதற்குள் அடுத்த கோவில் நடை சாத்தும் நேரமும் நெருங்கும்.

திருப்பிப் போட்டால் எல்லாம் தானாகப் பொருந்தும்:

7.00 – பூக்கடை காவல் நிலையம் எதிரே கூடுதல். எந்த ஆட்டோக்காரருக்கும் தெரிந்த அடையாளம்.

7.15 – ராசப்ப செட்டித் தெரு, கந்தகோட்டம். வள்ளலார் தெய்வமணிமாலை பாடிய முருகன். உள்ளே நுழையும் ஒரே கோவில் இதுவாக இருக்கட்டும் (ஏன் என்பது கீழே).

7.50 – தேவராஜ முதலித் தெரு. சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோவில்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் இருந்த பழைய கோவில் போன பிறகு இங்கே எழுந்தவை. வாசலில் நின்றே சொல்லி முடித்துவிடலாம்.

8.10 – பத்ரியன் தெரு, பூ வியாபாரம். பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் நின்றால் இடைஞ்சல்.

8.25 – டிபன், கழிவறை. முப்பது நிமிடம்.

9.00 – பிரகாசம் சாலையைக் (பிராட்வே) கடந்து அரண்மனைக்காரத் தெரு. ஆர்மீனியத் தேவாலயம். இப்போதைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஞாயிறு காலை ஒன்பதரை மணியளவில் அவற்றை அடிப்பது வழக்கம். முந்தின நாளே தேவாலயக் காவலாளியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த நேரத்துக்குக் குழு முற்றத்தில் இருக்கும்படி பாருங்கள். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோவில் வெளியிலிருந்து.

9.45 – தம்பு செட்டித் தெரு, காளிகாம்பாள் கோவில் வாசல்.

10.05 – பாரி கட்டடத்தை ஒட்டிய எல்லைத் தூண் (கோட்டைக்கு முன்னே கட்டடம் எழுப்பக் கூடாத வெளியின் எல்லையைக் குறித்தது). 1773-இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சிய ஒன்று. அங்கிருந்து உயர் நீதிமன்ற மெட்ரோ சில நிமிட நடை. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். கோட்டை இல்லை: தலைமைச் செயலகப் பாதுகாப்புச் சோதனையில் பதினைந்து பேர் அடையாள அட்டை காட்டி உள்ளே போக அரை மணி ஆகும். அருங்காட்சியகம் வேண்டுமென்றால் தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை. உயர் நீதிமன்ற வளாகமும் இல்லை. வாயிலில் காவல் கடுமை, அனுமதி தனிக்கதை. சாலையிலிருந்தே கோபுரங்களைக் காட்டலாம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் உள்ள பச்சையப்பன் மண்டபத்தைப் போகிற போக்கில் காட்டுங்கள். 1850-இல் திறந்த கிரேக்கப் பாணிக் கட்டடம், முன்னால் உள்ள கடைகளால் பாதிதான் தெரியும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள நீளத் தெருக்கள் பெரும்பாலும் தெற்கு வடக்கு. காலையில் கிழக்கு ஓரத்தில் நிழல் விழும், மேற்கு ஓரக் கட்டடங்களின் முகத்தில் வெயில் விழும். குழுவைக் கிழக்கு ஓரத்தில் நிறுத்தி, மேற்கு ஓரத்துக் கட்டடத்தைக் காட்டிப் பேசுங்கள். கேட்பவர்களுக்கு நிழல், கட்டடத்துக்கு வெளிச்சம், படமும் நன்றாக வரும். என்.எஸ்.சி. போஸ் சாலை கிழக்கு மேற்காக ஓடுவது. ஒன்பதுக்கு மேல் அதில் நிழலே கிடையாது. அங்கே நின்று பேசாதீர்கள், கடந்து போங்கள்.

3. ஒத்திகை இரண்டு முறை

ஒத்திகையை அதே கிழமை, அதே நேரத்தில் செய்ய வேண்டும். புதன்கிழமை மத்தியானம் பார்த்துவிட்டு ஞாயிறு காலைக்குத் திட்டம் போட்டால் பாதித் தகவல் தப்பாகும்.

முதல் முறை தனியாகப் போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு விஷயம் குறியுங்கள்: பதினைந்து பேர் எங்கே நிற்பார்கள், அந்தக் கடை ஞாயிறு மூடியிருக்குமா, சத்தம் எப்படி, உட்கார ஒரு திண்ணையாவது உண்டா. திறந்த கடையின் வாசலை மறைத்து நிற்பது இங்கே பெரிய குற்றம்.

இரண்டாம் முறை அறுபது வயது தாண்டிய ஒருவரை அழைத்துப் போங்கள். குழு அவர் வேகத்தில்தான் நகரும். தனியாளுக்குப் பத்து நிமிடத் தூரம் என்றால் குழுவுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை கடப்பதற்குத் தனியாக மூன்று நிமிடம்.

செருப்புக் கணக்கையும் அன்றே பாருங்கள். பதினைந்து பேர் கழற்றி, கால் கழுவி, திரும்பி வந்து தேடி மாட்டிக்கொள்ள ஆறேழு நிமிடம் போகும். ஷூ போட்டவர் இருந்தால் பத்து. மூன்று கோவிலுக்குள் போனால் அரை மணி நேரம் செருப்புக்கே சரி. ஒரு கோவிலுக்குள் மட்டும் போங்கள் என்று சொல்வது இதனால்தான்.

4. கடிதங்களும் அனுமதியும்

தெருவில் நடந்து பேசுவதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது. ஆனால் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, கூட்டங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்குத் தருகிறது. உங்கள் நடை இந்த இரண்டிலும் சேராது என்பதைக் காகிதத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம். பாதை இரண்டு காவல் நிலைய எல்லைக்குள் வருகிறது: பூக்கடை, எஸ்பிளனேடு. இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம், குறைந்தது பத்து நாள் முன்பு. நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நடை நாளில் அந்த நகல் பையில் இருக்க வேண்டும்.

கடிதம் நீளம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"காவல் ஆய்வாளர் அவர்களுக்கு, வணக்கம். வரும் (தேதி) ஞாயிறு காலை 7.00 முதல் 10.30 வரை, 15 பேர் கொண்ட குழு பழைய கட்டடங்களைப் பார்வையிட ராசப்ப செட்டித் தெரு, தேவராஜ முதலித் தெரு, பத்ரியன் தெரு, அரண்மனைக்காரத் தெரு, தம்பு செட்டித் தெரு வழியாக நடந்து செல்ல உள்ளோம். பதாகை, முழக்கம், கூம்பு ஒலிபெருக்கி எதுவும் இல்லை. போக்குவரத்துக்கு இடையூறு இராது. தங்கள் தகவலுக்காக. பாதை வரைபடமும் என் அடையாள அட்டை நகலும் இணைத்துள்ளேன்."

இதில் பொறி ஒன்று உண்டு. "பேரணி", "ஊர்வலம்", "விழிப்புணர்வு நடைப்பயணம்" என்ற சொற்களைப் போட்டுவிட்டால் கடிதம் வேறு மேசைக்குப் போய்விடும், பிறகு ஆணையர் அலுவலகம் வரை அலைச்சல். "பார்வையிட", "தகவலுக்காக" இரண்டும் போதும். டீ-ஷர்ட், பேனர், கொடி எதுவும் வேண்டாம்.

கந்தகோட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு கோவில் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கேட்க வேண்டியவை இரண்டே: குழுவாக வரலாமா, வெளிப் பிராகாரத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசலாமா. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதைப் பதிவு செய்யும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உடையும் அப்படியே: அரைக்கால் சட்டையோடு வருபவரை வாசலில் நிறுத்தினால் சங்கடம் உங்களுக்குத்தான். குழுவில் மற்ற மதத்தவர் இருந்தால் கொடிமரம்தான் எல்லை என்று வைத்து, அங்கேயே பேச்சை முடியுங்கள்.

ஆர்மீனியத் தேவாலயத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. காவலாளியிடம் முன்பே சொல்லி, போகும்போது காணிக்கைப் பெட்டியில் கொஞ்சம் போடுங்கள். தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். மேலே நின்று செல்ஃபி எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள் பணம் வாங்கிக்கொண்டு விளக்கம் சொல்ல வழிகாட்டி உரிமம் வேண்டும். மேலே சொன்ன பாதை அதைத் தொடவில்லை. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்வதாக இருந்தால் அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

டிரோன் வேண்டவே வேண்டாம். கோட்டை, துறைமுகம், உயர் நீதிமன்றம் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

5. பணக் கணக்கு

இலவச நடை வைத்தால் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். சின்னத் தொகையாவது முன்பணமாக வாங்குங்கள். மாதிரிக்கு ஒரு கணக்கு, தலைக்கு 400 ரூபாய், 12 பேர்:

- டிபன், காபி: தலைக்கு 100. உங்களையும் உதவியாளரையும் சேர்த்து 14 பேருக்கு 1,400
- தண்ணீர் பாட்டில்: 14 × 10 = 140
- உதவியாளர்: 800
- வரைபடம், நகல்: 150
- காணிக்கை: 300

செலவு 2,790. வரவு 4,800. மிச்சம் 2,010. இதே கணக்கில் ஐந்து பேர் வந்தால் இருபது ரூபாய் கைநஷ்டம், ஆறாவது ஆள் வந்தால்தான் தலை நிமிரும். ஆகவே "குறைந்தது ஆறு பேர் சேர்ந்தால்தான் நடை" என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கிக்கு 1,500 முதல் 3,000 வரை ஆகும். அது ஒருமுறைச் செலவு. மைக் தலையில் மாட்டுவதாக இருக்கட்டும், கை இரண்டும் காலியாக வேண்டும். ஒலியைக் குறைவாக வையுங்கள், கோவில் வாசலில் அணைத்துவிடுங்கள்.

உதவியாளரை மிச்சம் பிடிக்காதீர்கள். வரிசையின் வாலில் ஒருவர் இல்லாவிட்டால் பத்ரியன் தெருத் திருப்பத்தில் யாராவது ஒருவர் மல்லிகைக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றுவிடுவார்.

பணம் திருப்பித் தரும் விதியை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்: 48 மணி நேரம் முன்பு சொன்னால் முழுத் தொகை, மழையால் நீங்களே ரத்து செய்தால் முழுத் தொகை அல்லது அடுத்த தேதி. மழையால் ரத்தா இல்லையா என்ற முடிவை முந்தின இரவு எட்டு மணிக்குள் தெரிவியுங்கள். தாம்பரத்திலிருந்து வருபவர் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார்.

6. டிபனும் கழிவறையும்

இந்தப் பாதையின் அச்சாணி இதுதான். தொடங்கும் இடத்தில் கழிவறை இல்லை. "சென்ட்ரலில் முடித்துவிட்டு வாருங்கள்" என்று கூச்சப்படாமல் எழுதுங்கள். பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும், பலர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

உணவகத்தை ருசிக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கழிவறை தரைத்தளத்தில் இருக்கிறதா, ஞாயிறு எட்டு மணிக்குத் திறந்திருக்குமா, உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று ஒத்திகை அன்று நீங்களே போய்ப் பாருங்கள். முந்தின நாள் மாலை மேலாளரிடம் "நாளை எட்டேகாலுக்குப் பதினாலு பேர்" என்று சொல்லி, பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். இட்லி, பொங்கல், வடை, காபி. தோசை மட்டும் வேண்டாம். பதினாலு தோசை ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லிலிருந்து வருவதற்குள் ஒன்பதாகிவிடும்.

7. நடை நாள்

ஏழு மணி என்று அறிவித்து ஏழேகாலுக்குக் கிளம்புங்கள். அதற்கு மேல் காத்திராதீர்கள். தாமதமாக வருபவருக்குக் கந்தகோட்டத்தின் இருப்பிடத்தை அனுப்பிவிட்டால் அவரே வந்து சேர்ந்துகொள்வார்.

கிளம்பும் முன் எல்லோரிடமும் ஒரு படிவம்: பெயர், அவசரத் தொடர்பு எண், ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற உடல்நிலை. உங்கள் பையில் குளுக்கோஸ், பிளாஸ்டர், கிரேப் பேண்டேஜ், இரண்டு உபரித் தண்ணீர். 108-ஐ அழைத்தால் சொல்ல, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அருகிலுள்ள பெரிய சாலைச் சந்திப்பின் பெயரை எழுதி வைத்திருங்கள். சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது, நீங்கள்தான் வெளியே வர வேண்டும்.

ஒரு நிறுத்தத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் கைபேசியை எடுப்பார், ஆறாவதில் மூன்று பேர். சொல்ல ஆசைப்பட்ட மிச்சத்தை டிபன் மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரகாசம் சாலையைக் கடக்கும்போது குழுவை இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். முதல் பாதி உங்களோடு, அடுத்தது உதவியாளரோடு. கடந்ததும் தலை எண்ணுங்கள்.

8. சொல்லும் கதையில் கவனம்

"அரண்மனைக்காரத் தெரு" என்று கேட்டதும் எங்கே அரண்மனை என்று ஒருவர் கேட்பார். அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியக்காரர் என்பது நாவில் மருவி அரண்மனைக்காரர் ஆகிவிட்டது. காளிகாம்பாள் கோவிலுக்குச் சிவாஜி 1677-இல் வந்ததாகச் சொல்வதைக் கோவில் மரபு என்று சொல்லியே சொல்லுங்கள். தெரியாத கேள்விக்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்று குறித்துக்கொண்டு, இரண்டு நாளில் குழுவுக்குப் பதில் அனுப்புங்கள். உள்ளூர்க்காரர் யாராவது நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அவரைப் பேச விடுங்கள். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவர் உங்களைவிட நன்றாகச் சொல்வார். இரண்டு நிமிடம் கழித்து நன்றி சொல்லி நகர்த்துவது மட்டும் உங்கள் வேலை.

9. முடிந்ததும்

மெட்ரோ வாசலில் குழு கலைந்தவுடன் அங்கேயே நின்று, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் ஆன நேரத்தை எழுதுங்கள். வீட்டுக்குப் போனால் மறந்துவிடும். உதவியாளருக்குப் பணத்தை அன்றே கொடுங்கள். மதியத்துக்குள் "குடையை டிபன் கடையில் விட்டுவிட்டேன்" என்று ஒரு செய்தி வரும். அதற்காகவே உணவகத்தின் எண்ணை முந்தின நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும்.